கூண்டு ஏறும் முன்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமையோடு இந்த ஆண்டு வகுப்புகள் முடிகின்றன. பரிசளிப்பு, புத்தகம் திருப்பித் தருவது பற்றியெல்லாம் வகுப்பாசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார்கள். நான் எழுதவந்தது வேறு விஷயம்: தமிழ்நாட்டில் புயல் வந்தால் ஊரில் இருப்பவர்கள் என்ன செய்வது என்பது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்களும், போகாவிட்டாலும் ஊரில் அப்பா அம்மாவை வைத்திருப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் தொடக்கநிலை 5 பிள்ளைகளுக்கு வாய்மொழித் தேர்வுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். படத்தில் ஒரு கடலோரக் கிராமம், சாய்ந்த தென்னை, மூட்டையோடு நடக்கும் ஒரு குடும்பம். “புயல் வருகிறது, நீயாக இருந்தால் என்ன செய்வாய்?” என்று கேட்டேன். ஒரு பையன் யோசிக்கவே இல்லை. “எங்க வீடு 14ஆம் மாடி டீச்சர், சன்னலைச் சாத்திடுவோம்” என்றான். வகுப்பே சிரித்தது. அவன் பக்கத்தில் இருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. “எங்க தாத்தா வீட்டில மாடியே இல்லையே” என்றாள். அவள் தாத்தா வேதாரண்யம் பக்கம்.

அந்தப் பையனையும் குறை சொல்ல முடியாது. புயல் சுழலப் பூமியின் சுழற்சி கொடுக்கும் தள்ளல் வேண்டும். நிலநடுக்கோட்டின் அருகே அது மிகவும் குறைவு. அதனால் சிங்கப்பூருக்குப் புயல் என்பதே அபூர்வம். 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்ற புயல் பக்கத்து மலேசியாவில் ஜொகூரின் தென்கிழக்குக் கரையைக் கடந்தது. நமக்கு அவ்வளவு பக்கத்தில் புயல் வந்ததைப் பார்த்து ஆராய்ச்சியாளர்களே ஆச்சரியப்பட்டார்கள். மற்றபடி நமக்குத் தெரிந்ததெல்லாம் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்றுதான். கம்பில் காயப்போட்ட துணி கீழ்வீட்டுக்குப் போகும், மதியத்துக்குள் வெயில் அடிக்கும். இப்படி வாழ்ந்து பழகியவர்களுக்கு ஊரிலிருந்து “புயல் வருதாம்” என்று போன் வந்தால் அது மழை என்றுதான் காதில் விழும். எனக்கும் அப்படித்தான் விழுந்தது.

2018 நவம்பர் 15, வியாழக்கிழமை. கஜா புயல் அன்று இரவு கரையைக் கடக்கும் என்று இரண்டு நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் பெற்றோர் இருப்பது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் ஒரு கிராமம். ஓட்டு வீடு. கொல்லையில் 40 தென்னை, கொட்டகையில் ஒரு கறவை மாடு. அன்று மட்டும் நான் ஏழெட்டுத் தடவை போன் செய்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் “பத்திரமா இருங்கப்பா” என்றேன். அவரும் ஒவ்வொரு தடவையும் “சரிம்மா” என்றார். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருக்கிறது, வாருங்கள் என்று கூப்பிட்டுப் போனார்களாம். அப்பா போகவில்லை. “77 புயலுக்கே இந்த வீடு நின்னுச்சு” என்றார். 1977 நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினம் புயலைத்தான் சொன்னார். அப்பா இல்லாமல் அம்மாவும் கிளம்பவில்லை.

கரையைக் கடந்தபோது இங்கே விடியற்காலை மூன்று மணிக்கு மேல், அங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி. போன் அதுவரை எடுத்தது. காற்றின் சத்தம் போனில் ரயில் போவது போலக் கேட்டது. நடுவில் சட்டி உடைவது போல ஒன்று, பின் இன்னொன்று. “ஓடு போகுதுடி” என்றார் அம்மா. அதற்குப் பிறகு தொடர்பு இல்லை.

மிச்சத்தை மூன்றாம் நாள்தான் கேட்டேன். காற்று திடீரென்று அடங்கியதாம். அது புயலின் கண். முடிந்துவிட்டது என்று சிலர் டார்ச்சை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். அப்பாவுக்கு மட்டும் 77 நினைவுக்கு வந்திருக்கிறது. காற்று எதிர்ப்பக்கமிருந்து திரும்ப வரும் என்று தெரியும். அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு வீடு தள்ளியிருந்த மாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். போகும் வழியில் மாட்டை அவிழ்த்துவிட்டார். வீட்டின் மேற்குப் பக்கச் சுவர் இரண்டாவது காற்றில்தான் விழுந்தது. 40 தென்னையில் 6 நின்றது. மாடு மறுநாள் தானாக வந்துவிட்டது.

பிறகு நான் ஊருக்குப் போனபோது, கோபமும் இல்லாமல் குறையும் இல்லாமல் அப்பா ஒன்று சொன்னார். “நீ பத்திரமா இரு, பத்திரமா இருன்னு சொன்ன. எங்க போகணும், யார் வண்டியில போகணும்னு ஒருத்தரும் சொல்லலையே.”

அந்த வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். இங்கிருந்து பாசத்தோடு பேசுகிறோம். அங்கே அது எந்தக் காரியத்துக்கும் ஆவதில்லை. போக வேண்டிய வீடு எது, கிளம்பும் நேரம் என்ன, வண்டி யாருடையது, மாட்டை என்ன செய்வது என்ற நாலும் புயல் என்ற பேச்சே இல்லாத ஒரு நாளில் முடிவாகியிருக்க வேண்டும். புயல் வரும் நேரத்தில் பெரியவர்கள் புதிதாக எதையும் முடிவு செய்ய மாட்டார்கள். நாமும் அப்படித்தான்.

எல்லோரும் வெளியேற வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. 2005 செப்டம்பரில் அமெரிக்காவில் ரீட்டா என்ற புயல் ஹியூஸ்டன் பக்கம் வருவதாகச் சொன்னார்கள். மூன்று வாரம் முன்புதான் கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்திருந்தது. அந்தப் பயத்தில், கிளம்பத் தேவையில்லாத உள்பகுதிக்காரர்களும் காரை எடுத்துவிட்டார்கள். ஏறத்தாழ 25 லட்சம் பேர் சாலையில். மணிக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டிகள், தீர்ந்துபோன பெட்ரோல். முதியோர் இல்லத்திலிருந்து கிளம்பிய ஒரு பேருந்து தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். டெக்சஸில் புயலில் இறந்தவர்களைவிட ஓடும் வழியில் இறந்தவர்கள்தான் அதிகம். கத்ரீனாவில் நடந்ததோ நேர்மாறு: கட்டாயம் வெளியேறச் சொல்லி உத்தரவு வந்ததே கரையைக் கடப்பதற்கு முந்தின நாள்தான், கார் இல்லாத ஏழைகள் எப்படிப் போவார்கள்?

தண்ணீருக்கு ஓட வேண்டும், காற்றுக்கு ஒளிந்துகொள்ள வேண்டும் என்று அங்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் ஊருக்கும் அது பொருந்தும். வீடு கடலுக்குப் பக்கத்திலோ, ஆற்றுக்கரையிலோ, தாழ்வான இடத்திலோ இருந்தால் மாடி வீடாக இருந்தாலும் கிளம்பிவிடுவது நல்லது. கடல் ஏறி வந்தால் சுவர் நிற்காது. மேட்டில், கடலைவிட்டுத் தள்ளி, நல்ல காங்கிரீட் வீடாக இருந்தால் உள்ளேயே இருக்கலாம். கூரை வீடு, ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு என்றால் எங்கே இருந்தாலும் வேறிடம் போக வேண்டும், ஆனால் தூரம் போக வேண்டியதில்லை. தெருமுனை மாடி வீடு போதும், பஞ்சாயத்துப் பள்ளிக்கூடம் போதும். ஓர் இரவுக்காகத் திருச்சிவரை ஓட வேண்டாம்.

சென்னைக்குப் போகிறவர்கள் காற்றைவிடத் தண்ணீரைப் பற்றி யோசியுங்கள். 2023இல் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, டிசம்பர் 5ஆம் தேதி. சென்னை மூழ்கியது அதற்கு முந்தின நாள். “நம்ம ஊர்ப் பக்கம் வரலையாமே” என்று டிவியைப் பார்த்துச் சொன்ன கீழ்த்தளத்துக்காரர்கள் கட்டிலில் ஏறி நின்றார்கள். அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. வெள்ளத்தில் அடிபட்டது விழுப்புரமும் திருவண்ணாமலையும். அந்த இரண்டு தடவையும் சென்னை விமான நிலையத்தைக் கொஞ்ச நேரம் மூடினார்கள். டிக்கெட் போட்டாயிற்றே என்று கிளம்ப வேண்டாம். ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். அதனால் உங்கள் பிள்ளை ஜனவரி முதல் வகுப்புக்கு வர முடியாவிட்டால் அலுவலகத்துக்கு ஒரு குறுஞ்செய்தி போதும், காரணக் கடிதம் வேண்டாம்.

எப்போது கிளம்புவது என்பதுதான் வீட்டில் சண்டை வரும் இடம். இந்திய வானிலைத் துறை பொதுவாக 48 மணி நேரம் முன்பு ஓர் எச்சரிக்கையும், 24 மணி நேரம் முன்பு இன்னொன்றும் கொடுக்கிறது. துறைமுகத்தில் எந்த எண் கூண்டு (கப்பல்களுக்குப் புயல் அபாயத்தைக் காட்ட உயரத்தில் ஏற்றும் அடையாளம்) ஏற்றினார்கள் என்பதும் செய்தியில் வரும். ஊர்ப் பெரியவர்களுக்கு ஆரஞ்சு, சிவப்பு என்ற நிற எச்சரிக்கையெல்லாம் புரியாது. “கூண்டு ஏத்திட்டாங்க” என்றால் சட்டென்று புரியும், அந்த மொழியிலேயே பேசுங்கள். ஆனால் 8, 9, 10 ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். அதற்குள் பேருந்து நின்றிருக்கும். 24 மணி நேர எச்சரிக்கை வந்ததும், பகல் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புவது என்று எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம். காற்று தொடங்கிய பிறகு யாரும் சாலையில் இறங்கக் கூடாது. அப்போது இருக்கிற வீட்டிலேயே, மேலே ஓடோ சன்னலில் கண்ணாடியோ இல்லாத அறையில், புயலின் கண் கடந்து இரண்டாவது காற்றும் அடங்கும்வரை இருக்க வேண்டியதுதான்.

பெரியவர்கள் ஏன் வர மறுக்கிறார்கள் என்று பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். பிடிவாதம் என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். முகாமில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்பதுதான் பல பாட்டிகளின் முதல் கவலை, அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பூட்டிய வீட்டில் திருட்டுப் போகுமே என்பது தாத்தாவின் கவலை. அப்புறம் மாடு. ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும். பாட்டிக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இடம் கேட்டு வைக்கலாம். பட்டா, ஆதார், வங்கிப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி இடுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். மாட்டைக் கட்டிப்போடாமல் அவிழ்த்துவிட வேண்டும், அது தானாக மேடு தேடும். இரத்த அழுத்த மாத்திரை ஒரு வாரத்துக்கு இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். கஜாவுக்குப் பிறகு எங்கள் கிராமத்தில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. வீட்டுக் காலண்டரில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டச் சொல்லுங்கள். நீங்களே அங்கே போவதாக இருந்தால், கிளம்பும் முன் நம் வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் பயணத்தைப் பதிவு செய்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இனி பிள்ளைகளுக்கான விடுமுறை வேலை. இந்த ஆண்டு கட்டுரை கிடையாது. தாத்தா பாட்டி வீட்டைப் படமாக வரைய வேண்டும்: கூரை எது, சமையலறைக் கதவு எந்தப் பக்கம், குளம் எங்கே, நடந்து போகக்கூடிய மாடி வீடு யாருடையது, எத்தனை அடி தூரம். பிள்ளையே நடந்து அளக்க வேண்டும், கூகுள் மேப் வேண்டாம். படத்தின் கீழே அந்த வீட்டுக்காரரின் போன் எண். (அந்த எண்ணை நகலெடுத்து நீங்களும் வைத்துக்கொண்டு, எங்களுக்குத் தரும் தாளில் மறைத்துவிடுங்கள்.) பெரியவர்கள் பார்த்த ஒரு புயலைப் பற்றிக் கேட்டு அவர்கள் வாய்மொழியிலேயே பத்து வரி. ராமேஸ்வரம் பக்கம் போகிறவர்கள் 1964 தனுஷ்கோடியைப் பற்றிக் கேளுங்கள், சொல்ல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். ஊருக்குப் போகாத பிள்ளைகள் போனில் கேட்டு வரையலாம். மதிப்பெண் இல்லை.

2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது அப்பாவே எனக்குப் போன் செய்தார். “நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு மன்னார்குடி அத்தை வீட்டுக்குப் போறோம். பால்காரத் தம்பி வண்டி. மாட்டை அவன் தோப்பில விட்டாச்சு.” நிவர் வடக்கே புதுச்சேரி, மரக்காணம் பக்கம் போய்விட்டது. எங்கள் ஊரில் ஒரு மட்டைகூட விழவில்லை. வீணாக அலைந்தோமே என்று வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அத்தை வீட்டுக் காபி சரியில்லை என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.

படங்களை ஜனவரி முதல் வகுப்பில் கொடுத்தால் போதும். அலுவலகத்தில் பெயரில்லாத தண்ணீர்ப் புட்டிகள் 11 இருக்கின்றன, சனிக்கிழமை வரும்போது எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்