ஏதென்ஸோட கிரீஸ் முடிஞ்சுடல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கிரீஸ் டூர்னாலே ஏதென்ஸ், சாண்டோரினின்னு மட்டும்தான் எல்லாரும் எழுதுறாங்க, வடக்குல இருக்குற தெசலோனிக்கிய யாருமே கண்டுக்கறதில்ல, எனக்கு ரொம்ப ஆதங்கமா இருக்கு. பைபிள்ல பவுல் கடிதம் எழுதினாரே, அந்த தெசலோனிக்கேயர் ஊருதான் சார் இது. கி.மு. 315 வாக்குல மாசிடோனியாவ ஆண்ட கசாண்டர் கட்டினது, மாவீரன் அலெக்ஸாண்டரோட இன்னொரு தாய்க்குப் பொறந்த தங்கச்சி பேரத்தான் ஊருக்கு வெச்சாரு.

அங்க ரொட்டுண்டாங்கற வட்டக் கட்டடத்த கண்டிப்பா பாக்கணும். ரோமானியர் கட்டினது, அப்புறம் சர்ச், அப்புறம் மசூதி, மினார் இன்னும் நிக்குது, உள்ள தலைக்கு மேல தங்க மொசைக், கழுத்து வலிச்சாலும் கண்ண எடுக்க மனசு வரல. புனித டிமெட்ரியஸ் சர்ச் 1917 தீ விபத்துல எரிஞ்சுபோச்சு, திரும்ப கட்டிட்டாங்க. 1988லயே இந்த ஊரோட 15 சின்னங்கள யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாச்சு.

மெட்ரோ கதைதான் பெருசு. தோண்டும்போது பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) காலத்து ரோடு, கடைவீதியோட அப்படியே கிடைச்சுது, அத எடுக்கலாமா கூடாதான்னு பல வருஷம் சண்டை, கோர்ட் வரைக்கும் போச்சு, கடைசில எடுத்துட்டு வெனிசெலு ஸ்டேஷன்லயே திரும்ப பதிச்சுட்டாங்க. எடுத்திருக்கவே கூடாதுங்கறதுதான் என் கருத்து. 2024 நவம்பர்லதான் ரயில் ஓட ஆரம்பிச்சுது. உங்க பயணப் பக்கத்துல இந்த ஊருக்கும் ஒரு முழுப்பக்கம் குடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்