முன்னங்காலில் முழங்கால் கிடையாது: விலங்கு வரையும் ஓவியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓவியர்களுக்கு,

வணக்கம். சிறுவர் நூல்களுக்கும் அனிமேஷனுக்கும் குதிரையும் நாயும் மாடும் வரைந்து தருகிறவர்கள் நீங்கள். பல பிள்ளைகள் நிஜக் குதிரைக்கு முன்பே உங்கள் குதிரையைத்தான் பார்க்கிறார்கள். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

விலங்கு உடற்கூறியல் பாடம் நடத்துகிறேன். முதல் வகுப்பில் மாணவர்களைக் குதிரை வரையச் சொல்வது என் வழக்கம். முன்னங்காலில் எல்லாருக்கும் ஒரே தவறுதான் வரும்: மேலே தொடை, நடுவில் முழங்கால், கீழே பாதம். மனிதக் காலைத்தான் மார்புக்கடியில் ஒட்டியிருப்பார்கள். எங்கே பழகினார்கள் என்று கேட்டால், சின்ன வயதில் பார்த்த படங்களைச் சொல்கிறார்கள்.

முன்னங்கால் என்பது கைதான். உங்கள் கையை மேசைமேல் வைத்து, நடுவிரல் நுனி மட்டும் படும்படி மணிக்கட்டைத் தூக்கிப் பாருங்கள். குதிரை நிற்பது அப்படித்தான். நாம் அதன் 'முழங்கால்' என்று சொல்லும் இடம் மணிக்கட்டு. அதற்குக் கீழே இருக்கும் நீண்ட எலும்பு, நம் நடுவிரலுக்கு நேராக உள்ளங்கையில் ஓடும் எலும்பு. அதற்கும் கீழே மூன்று விரலெலும்புகள். கடைசி எலும்பு குளம்புக்குள் இருக்கிறது. மணிக்கட்டுக்குக் கீழே சதையென்று சொல்ல ஏதும் இல்லை, தசைநாண்கள்தான். அதனால்தான் அந்தப் பகுதி அவ்வளவு மெலிந்து தெரிகிறது. அங்கே ஆடுசதை வரையாதீர்கள்.

அப்படியானால் முழங்கை எங்கே? மார்பின் அடிவிளிம்பு ஓரமாக, உடலை ஒட்டி, பின்னோக்கி நிற்கிறது. நாய் வளர்ப்பவர்கள் தடவிப் பார்த்தால் அந்தக் கூர்முனை கையில் படும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் தோள்தான். நமக்குக் கையை உடலோடு இணைக்கக் காறை எலும்பு இருக்கிறது. குதிரைக்கும் மாட்டுக்கும் அது கிடையாது. நாய், பூனைக்கு இருப்பது தசைக்குள் புதைந்த ஒரு சிறு துண்டு. தோளை மார்பெலும்போடு சேர்க்காது. முன்னங்காலுக்கும் விலாக்கூட்டுக்கும் நடுவே மூட்டே இல்லை. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் இடையில் உடம்பு தசைத் தொட்டிலில் தொங்குகிறது. குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. தாவி இறங்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதில் இந்தத் தொட்டிலுக்குப் பெரிய பங்கு. பூனை பதுங்கிப் போகும்போது முதுகுக்கு மேல் இரண்டு மேடுகள் மாறி மாறி எழுந்து அடங்குமே, அவை தோள்பட்டை எலும்புகளின் மேல்விளிம்புகள். அதை ஒரே ஒரு முறை வரைந்து பாருங்கள், உங்கள் பூனை நடக்க ஆரம்பித்துவிடும்.

அப்புறம், படுத்திருக்கும் மாடு எழுவதைக் கவனியுங்கள். முதலில் பின்பக்கத்தைத் தூக்கும். அந்த நொடியில் முன்பக்கப் பாரம் மடித்த மணிக்கட்டுகளின் மேல்தான் இருக்கும்.

எல்லா எலும்பின் பெயரையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். கோட்டோவியம் போடும்போது முழங்கைக்கு மார்போரமாக ஒரு புள்ளி, மணிக்கட்டுக்கு ஒரு புள்ளி, தோள்பட்டைக்கு ஒரு சாய்கோடு. அதற்குப் பிறகு உங்கள் பாணியில் எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டுங்கள், குறுக்குங்கள்.

அன்புடன்,
ஓர் உடற்கூறியல் ஆசிரியர்