ஸ்வால்பார்ட்லேர்ந்து அப்பாவுக்கு

லாங்இயர்பியன்,
ஜூலை 28

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க, அம்மா, அக்கா, பிள்ளைங்க எல்லாரும் சுகமா? மாதா கோயில் கொடியேத்தம் முந்தாநாள் முடிஞ்சிருக்கும், இந்த வருஷமும் என்னால வர முடியல, அம்மாகிட்ட எனக்கும் சேத்து ஒரு மெழுகுதிரி ஏத்த சொல்லுங்க.

நேத்து ராத்திரிதான் கரைக்கு வந்தோம். சிக்னல் வந்ததும் உங்க மெசேஜத்தான் முதல்ல பாத்தேன். அந்த ஐஸுக்குள்ள பாய்மரக் கப்பல்ல உனக்கு என்னய்யா வேலை, பேசாம பெரிய கப்பல்லயே இருந்திருக்கலாம்லன்னு கேட்டுருக்கீங்க. போன்ல சொன்னா பாதிதான் புரியும், நீங்க வேற பயந்துக்கிட்டே கேப்பீங்க, அதான் உக்காந்து டைப் பண்றேன். அக்காவ வாசிக்கச் சொல்லி நிதானமா கேளுங்க.

வடதுருவத்துக்கு பக்கத்துல இருந்தாலும் இந்த ஸ்வால்பார்ட் தீவுங்க நார்வேயோடதுதான், ஆனா 1920ல பாரிஸ்ல போட்ட ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தால இங்க தங்க, வேலை செய்ய தனியா விசா கேக்குறதில்ல. அந்த ஒப்பந்தத்துல அப்பவே பிரிட்டிஷ் இந்தியாவும் சேந்திருந்துச்சு. வர்ற வழி நார்வே வழியாங்கிறதால ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா வேணும், அவ்வளவுதான். குளிர்காலத்துல ஹோட்டல் கிச்சன் வேலை, வசந்தம் வந்ததும் கப்பல். அக்டோபர் கடைசில மறையுற சூரியன் பிப்ரவரி நடுவுலதான் மறுபடி வரும், அந்த மாசங்கள்தான் எனக்கு கஷ்டமே ஒழிய கடல் இல்லப்பா.

எங்க கப்பல் ரெண்டு பாய்மரம், இரும்பு உடம்பு, டச்சுக் கொடி. கேப்டன், அவருக்கு அடுத்த மேட், நான், சமையலுக்கு ஒரு பொண்ணு, ரெண்டு கைடு, அப்புறம் பயணிங்க இருபது பேருக்குள்ள. பாய் ஏத்தணும்னா பயணிங்களும் வந்து கயிறு பிடிக்கணும். முதல் தடவை பாய் ஏத்துற ஆஞ்சான் கயித்த கையில பிடிச்சப்ப எனக்கு தொண்டை அடைச்சிருச்சுப்பா. கப்பி இருக்கிற இடம் வேற, பாயோட வெட்டு வேற, ஆனா காத்து பாய்க்குள்ள ஏறுன உடனே பாய் மூலைய பிடிக்கிற தாமான் கயித்த எவ்வளவு விடணும் எவ்வளவு இழுக்கணும்னு கைக்கு தெரியுது. சின்ன வயசுல உங்க கூட தோணியில நின்னு பாத்ததுதான். தோணியெல்லாம் இஞ்சினுக்கு மாறுனப்ப இனிமே பாய் பிடிக்கத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்னு சொன்னீங்க. அந்த வித்தைக்காகத்தான் இங்க எனக்கு சம்பளம் குடுக்குறாங்க.

உள்ளத சொல்லணும்னா இங்கயும் இஞ்சின் ஓடுது. ஃபியோர்டுன்னு மலைங்களுக்கு நடுவுல புகுந்த கடல்ல மலை மறைச்சு காத்தே இருக்காது, இல்லன்னா க்ளேசியர்ங்கிற பனி ஆத்து மேலேர்ந்து திடீர்னு கனமான குளிர்காத்து சறுக்கி இறங்கும், அதை நம்பி பாய் விரிக்க முடியாது. ஆனா வெளிக்கடலுக்கு வந்து காத்து நல்லா நின்னுச்சுன்னா கேப்டன் உடனே இஞ்சின ஆஃப் பண்ண சொல்லிருவாரு.

இப்ப இங்க ராத்திரியே கிடையாது, ஏப்ரல் 20 வாக்குல ஆரம்பிச்சா ஆகஸ்ட் 20 தாண்டுற வரைக்கும் சூரியன் மறையாது, வானத்துலயே சுத்திக்கிட்டு இருக்கும். அதனால வாட்ச், அதாவது முறை வச்சு முழிச்சு காவல் நிக்கிறது, இல்லன்னா யாருக்கும் எப்ப தூங்குறது எப்ப எந்திரிக்கிறதுன்னே தெரியாது. நங்கூரம் போட்டுட்டாலும் ஒருத்தர் முழிச்சிருக்கணும், ஏன்னா ஐஸ் நீவாட்டோட, கடல் ஓட்டத்தோட சேந்து வரும். போன வாரம் மொனாகோ க்ளேசியர் பக்கம் லீஃப்டஃபியோர்டுல நின்னோம், அதிகாலை வாட்ச் எனக்கு. ஒரு லாரி அளவு ஐஸ் நேரா நங்கூரச் சங்கிலிக்கு வந்துச்சு. வெளிய தெரியுறது கொஞ்சம்தான், பத்துல ஒன்பது பங்கு தண்ணிக்கு அடியில, அதனால சின்னதா தெரியுதேன்னு விட முடியாது. கப்பல் முன்பக்கம் அணியத்துல நின்னு நீளக் கழிய அதோட தோள்ல ஊனி, வேகமா குத்தாம, உடம்பு வெயிட்ட மெதுவா சாச்சு தள்ளணும், அது உடனே நகராது, பொறுமையா அழுத்திக்கிட்டே இருந்தா கப்பல் கொஞ்சம் விலகும் ஐஸ் கொஞ்சம் விலகும், அப்படியே பக்கவாட்டுல உரசாம போயிரும். சின்னத் துண்டுங்களெல்லாம் தண்ணில கடுகு தாளிக்கிற மாதிரி சடசடன்னு பொரியும். எப்பவோ பனி விழுந்து அமுங்குனப்ப உள்ள மாட்டிக்கிட்ட காத்து, ஐஸ் உருகுறப்ப வெளிய வர்ற சத்தம்தான் அது. அன்னைக்கு பின்னாடியே இன்னும் பெருசா ஒண்ணு வந்துச்சு, அத தள்ளவெல்லாம் முடியாது, கேப்டன எழுப்பி நங்கூரத்த தூக்கி இடம் மாத்துனோம். அவர் முகம் சுளிக்கல, வாட்ச்காரன் கூப்பிட்டா எந்திரிக்கிறதுதான் இங்க முறை.

இன்னொன்னு சொல்லணும். க்ளேசியர் முன்னாடி போறப்ப கடல் வரைபடம் காட்டுற சார்ட் ஸ்க்ரீன பாத்தா எங்க கப்பலோட புள்ளி தண்ணில இல்ல, ஐஸ் மேல ஏறி நிக்குது. சார்ட்டுக்காக அளந்தப்ப அது ஐஸ், இப்ப அங்க கடல். க்ளேசியர் பின்வாங்கிப் போயிருச்சு, அந்த இடத்துல ஆழம் எவ்வளவுன்னு சார்ட்டுல நம்பரே கிடையாது, வெறும் வெள்ளை. ஆழம் அளக்குற எக்கோ சவுண்டர பாத்துக்கிட்டே ஊர்ந்து போவோம். முதல்ல பாத்தப்ப எனக்கு மனசே சரியில்ல. பனியே விழாத ஊர்ல பிறந்த எனக்கே இப்படி இருக்குன்னா இங்கயே காலத்த ஓட்டுனவங்களுக்கு எப்படி இருக்கும். கேப்டன் ஒண்ணும் பேச மாட்டாரு, லாக் புக்குல ஆழத்த மட்டும் எழுதி வைப்பாரு.

கரடிக்கு பயப்படாதீங்க. கரைக்கு போறதுக்கு முன்னாடி கைடுங்க பைனாகுலர்ல கரை முழுக்க பாப்பாங்க, துப்பாக்கி இல்லாம யாரும் இறங்க மாட்டாங்க. 2025லேர்ந்து 300 மீட்டருக்கு கிட்ட போகக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, மார்ச்லேர்ந்து ஜூன் கடைசி வரைக்கும் 500 மீட்டர். ஒரு தாய்க்கரடியும் குட்டியும் கரையில தெரிஞ்ச அன்னைக்கு இறங்கவே விடல. பயணிங்க முகம் வாடிருச்சு, ஆனா அதுதான் சரி, அது அதோட இடம்.

அம்மாவுக்கு சாப்பாட்டுக் கவலை இருக்கும். அடுப்ப சுத்தி இரும்புச் சட்டம் போட்டிருக்கு, கப்பல் எவ்வளவு ஆடினாலும் சட்டி நகராது, தட்டுக்கு அடியில ஈரத்துணி விரிச்சிருவோம். தினமும் ரொட்டி சுடுறாங்க. ஞாயித்துக்கிழமை கிச்சன் எனக்கு, காட் மீன் கிடைச்சா அம்மா அனுப்புன புளியப் போட்டு குழம்பு, தேங்காய்க்கு டின் பால்தான். டச்சுக்காரங்க வேர்த்து ஒழுகிக்கிட்டே ரெண்டாம் தடவை கேட்டு வாங்கி சாப்பிடுறாங்க. தண்ணி அளவாத்தான், குளியலும் அளவாத்தான். உடம்புல மூணு அடுக்கு கம்பளி, பருத்தி நனைஞ்சா இங்க ஆளையே கொன்னுரும். கையுறைய இஞ்சின் ரூம்ல காயப் போடுவோம்.

நீ-ஓலசுண்ட்னு ஒரு ஆராய்ச்சி ஊர் இருக்கு, அங்க நம்ம நாட்டு ஸ்டேஷன் ஹிமாத்ரி 2008லேர்ந்து இருக்கு. அங்க இருக்கிற கருவிங்களுக்கு தொந்தரவு ஆகக்கூடாதுன்னு போன்ல வைஃபை, ப்ளூடூத் எல்லாம் ஆஃப் பண்ணிரணும். அந்த ஃபியோர்டு தண்ணிக்கு அடியில 2014ல இந்தியா ஒரு கருவித் தொகுப்ப இறக்கிருக்கு, கடலோட சூடு, உப்பு இதெல்லாம் அளக்க. அத உருவாக்குனதுல நம்ம சென்னை பள்ளிக்கரணை கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் பங்கு இருக்கு. அந்த வழியா போறப்ப நான் பயணிங்ககிட்ட எடுத்து சொல்லுவேன்.

உங்களுக்கு பிடிக்கிற விஷயம் ஒண்ணு. இங்க ஒரு பெரிய மரம்கூட முளைக்காது, ஆனா கரை முழுக்க பெரிய பெரிய தடியா ஒதுங்கிக் கெடக்கு. சைபீரியா ஆத்துல விழுந்து ஐஸுல மாட்டி வருஷக்கணக்கா மிதந்து வந்த மரம். ஐஸு அப்படி நகருதுன்னா கப்பலையும் கொண்டு போகுமேன்னு நான்சன்னு ஒருத்தர் 1893ல ஃப்ராம்னு ஒரு மரக்கப்பல வேணும்னே ஐஸுக்குள்ள உறைய விட்டாரு. அடிப்பாகம் உருண்டை, ஐஸ் நெருக்குனா உடையாம மேல எழும்பும். மூணு வருஷம் கழிச்சு 1896ல இந்தப் பக்கம்தான் வெளிய வந்துச்சு. ஓஸ்லோ மியூசியத்துல இப்பவும் நிக்குது, உள்ள ஏறி பாத்தேன், பலகை பலகையா அடுக்கி அடிச்ச கனத்த பாத்தா நம்ம தோணி கட்டுற ஓடாவிங்க அசந்து போயிருவாங்க. நீங்க ஒரு தடவை வரணும்ப்பா, டிக்கெட்டுக்கு சேத்துக்கிட்டு இருக்கேன்.

பணம் போட்டுருக்கேன், அம்மாவோட கண் ஆபரேஷன தள்ளிப் போடாதீங்க. நாளன்னைக்கு மறுபடி வடக்க போறோம், அதுக்குள்ள ஒண்ணு சொல்லுங்க, கேப்டன் கேட்டுக்கிட்டே இருக்காரு. கொழும்புக்கு போற வழியில திடீர்னு கச்சான் காத்து ஓங்கி அடிச்சா, பாய் கட்டுன பருமல் கட்டைய முழுசா இறக்குவீங்களா, இல்ல பாய மட்டும் சுருக்குவீங்களா? எத்தனை ஆள் வேணும், தாமான யாரு பிடிப்பா, எல்லாத்தையும் விவரமா சொல்லுங்க, நான் அவருக்கு எழுதிக் குடுக்கணும்.

அன்பு மகன்