பழைய பிளக்கைத் தூக்கி எறிந்துவிடாதே

தஞ்சாவூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன்னுடைய கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பேத்தி சுவரைப் பிடிக்காமல் நாலு அடி நடந்துவிட்டாள் என்று நீ எழுதியிருந்ததை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். அன்று மாலை முழுவதும் அதே பேச்சாக இருந்தது.

கடிதத்தின் கடைசியில் காரைப் பற்றிக் கேட்டிருந்தாய். காலையில் மூன்று முறை சாவியைத் திருப்பினால்தான் கிளம்புகிறது, சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் வரைக்கும் உதறுகிறது, லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 13-க்கு இறங்கிவிட்டது, சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கை மாற்றச் சொல்கிறார்கள், அதை வீட்டில் நாமே மாற்றலாமா என்று கேட்கிறாய். தாராளமாக மாற்றலாம். ஆனால் புதிய பிளக்கைப் போடுவதைவிடக் கழற்றிய பிளக்கைப் பார்ப்பதே பெரிய வேலை என்பது என் எண்ணம். பட்டறையில் கொடுத்தால் சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் பழையவை மூன்றும் கழிவுத் தொட்டிக்குள் போய்விடும். எந்த பிளக் எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

நான் இந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்ட கதை உனக்குத் தெரியாது. 2006-ஆம் ஆண்டு என்னுடைய மாருதி 800-ஐ ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். அங்கிருந்த பையன் பிளக்கைக் கையால் திருகித் தொடங்காமல் நேராக ஸ்பேனரில் செருகிக் கோணலாக முறுக்கிவிட்டான். அந்த வண்டியின் சிலிண்டர் ஹெட் (பிளக் திருகி உட்காரும் எஞ்சினின் மேல்பகுதி) அலுமினியம், பிளக்கின் உடம்பு எஃகு. இரண்டும் மோதினால் தோற்பது அலுமினியம்தான். மரை முழுவதும் வழித்துக்கொண்டு வந்துவிட்டது. ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறைக்கு எடுத்துப் போய், துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையை வைத்துச் சரிசெய்ய நான்கு நாட்கள் ஆயின. அதற்குப் பிறகு பிளக்கை வேறு யாரும் தொட நான் விட்டதில்லை.

வேலையைத் தொடங்கும் முன் எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும் அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக்கைக் கழற்றினால் மரை சேதப்படும். அதனால் முதல் நாள் இரவே வண்டியை நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் பானெட்டைத் திற. என் வண்டியில் மின்சாரத்தை பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்டிரிபியூட்டரிலிருந்து மூன்று ஒயர்கள் வருகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும், இடம் மாறினால் வண்டி ஓடாது. உன்னுடையது புதிய வகை என்பதால் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் பொறிக்கான மின்சாரத்தைத் தரும் ஒரு தனிக் காயில் உட்கார்ந்திருக்கும். அதன் கனெக்டரில் உள்ள பிளாஸ்டிக் பூட்டு எஞ்சின் சூட்டில் பல வருடம் வெந்து முறுகிப்போயிருக்கும், ஆகவே பொறுமையாக அழுத்தி எடு. போல்ட்டைக் கழற்றிய பிறகு காயிலை இப்படியும் அப்படியும் சிறிது திருப்பிவிட்டு நேராக மேலே தூக்கினால் வந்துவிடும்.

பிளக்கில் ஸ்பேனரை வைக்கும் முன் அந்தக் குழியில் சைக்கிள் பம்பால் நன்றாகக் காற்றடித்துவிடு. குழியைச் சுற்றித் தங்கியிருக்கும் மணல் பிளக் வெளியே வந்த நொடியில் சிலிண்டருக்குள் விழுந்துவிடும். பிறகு அது பிஸ்டனோடு சேர்ந்து சுவரைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஸ்பேனரைச் சாய்க்காமல் நேராகப் பிடித்துத் திருப்பு. சாய்த்தால் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை அளவு விரிசல் விடும். அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மழைக்காலத்தில் மேட்டில் ஏறும்போது அந்த விரிசல் வழியாக மின்பொறி ஒழுகி வண்டி மிஸ் அடிக்கும், அதாவது இடையிடையே பொறி தவறி உதறும்.

கழற்றியவற்றை வைக்க ஒரு முட்டை அட்டையை எடுத்துக்கொள். குழிகளில் 1, 2, 3 என்று எழுதி, அந்தந்த பிளக்கை அந்தந்தக் குழியில் நிறுத்தி, நிழலில் அல்ல, நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார். சென்ற மாதம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதலாவதும் மூன்றாவதும் நுனியில் பாலில் கலந்த காபியின் நிறத்தில், காய்ந்து, சுத்தமாக இருந்தன. எரிதல் சரியாக நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இரண்டாவது மட்டும் கருத்து, மினுமினுப்பாக, விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. பெட்ரோலின் கரி காய்ந்த பொடியாக இருக்கும், இது எண்ணெய். அந்தச் சிலிண்டருக்குள் மட்டும் எஞ்சின் ஆயில் இறங்குகிறது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

எண்ணெய் இரண்டு வழியாக இறங்கலாம்: மேலே வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வால்வு சீல், கீழே பிஸ்டனைச் சுற்றியிருக்கும் பிஸ்டன் ரிங். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியவுடன் நீலப்புகை வந்து சிறிது நேரத்தில் நின்றுவிட்டால் சீலைச் சந்தேகிக்க வேண்டும். ஓட்டும்போது, மிதிக்க மிதிக்கப் புகை வந்தால் ரிங்கை. எனக்குக் காலையில் மட்டுமே வந்தது. இருந்தாலும் பிளக் துளையில் மீட்டரை வைத்துக் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கச் சொன்னேன். மூன்றும் ஏறக்குறைய சமமாக இருந்ததால் ரிங்கைக் கழற்றும் பெரிய வேலையிலிருந்து தப்பித்தோம். வால்வு சீல்களை மட்டும் மாற்றினோம். அவை வெளியே வந்தபோது ரப்பர் என்று சொல்ல முடியாதபடி பிளாஸ்டிக் போல இறுகிப்போயிருந்தன. பழைய பிளக்கைப் பார்க்காமல் மூன்று புதிய பிளக்கை மட்டும் போட்டிருந்தால் சில மாதங்களில் அதே இடத்தில் அதே எண்ணெய் படிந்திருக்கும்.

உன் வண்டியைப் பற்றி எனக்கு ஓர் ஊகம் உண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு நீ கோயிலுக்கும் காய்கறிக் கடைக்குமாக மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை. பிளக்கின் நுனி ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். சிறு தூரத்தில் அது அந்தச் சூட்டை எட்டுவதற்குள் நீ வண்டியை நிறுத்திவிடுகிறாய். மூன்று பிளக்கிலும் ஒரே மாதிரி காய்ந்த கருங்கரி இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டி வா. அப்போதும் கரி தொடர்ந்தால் ஏர் ஃபில்டரையும், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரையும் பார்க்கச் சொல். நுனி சுண்ணாம்பு போல வெளுத்துக் கொப்புளம் கொண்டிருந்தால் அது அதிகச் சூடு. அந்த வண்டியை ஓட்டாமல் நேரே பட்டறைக்குக் கொண்டு போ. எப்படியிருந்தாலும் மிஸ் அடிக்கும் வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாதே. எரியாத பெட்ரோல் வெளியே போய், புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும். அதன் விலைக்கு முன்னால் பிளக்கின் விலை ஒன்றுமே இல்லை.

புதியதை வாங்கும்போது வண்டியின் கையேட்டில் உள்ள பிளக் எண்ணைச் சொல்லியே கேட்டு வாங்கு. பிளக்குகளில், சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதைச் சொல்லும் சூட்டுத் தரம் என்று ஒன்று உண்டு. என்ஜிகே பிளக்கில் எண் கூடக் கூடக் குளிர்ந்த வகை, போஷ் பிளக்கில் அதற்கு நேர்மாறாக எண் கூடினால் சூடான வகை. இதை அறியாமல் கடைக்காரர் ஒன்றுக்குப் பதில் ஒன்றைக் கொடுத்தால் வம்பு. பிளக் நுனியில் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் கையேட்டைப் பார்த்தே சரிபார். என்னுடைய கார்புரேட்டர் வண்டிக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். உனக்குக் கிடைப்பது இரிடியம் வகையாக இருந்தால் அதன் நடுமுனை ஊசி போல மெல்லியது. அதில் இடைவெளி அளக்கும் கேஜை வைத்து நெம்பவோ கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவோ கூடாது.

பொருத்துவதில் ஒரே ஒரு பழக்கத்தைக் கைக்கொள். பெட்ரோல் ரப்பர் குழாயில் ஒரு சாண் வெட்டி, பிளக்கின் தலையில் செருகி, அந்தக் குழாயைப் பிடித்தே குழிக்குள் இறக்கு. முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் மரையோடு மரை சேர்ந்து பிளக் லேசாக இறங்குவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பு. கோணலாகப் போனால் குழாய் வழுக்கும், மரை பிழைக்கும். கையால் முழுவதும் இறங்கி வாஷர் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர். வாஷர் வைத்த 14 மில்லிமீட்டர் புதிய பிளக்குக்கு அங்கிருந்து அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு வரை போதும்; இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கிடைத்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். உன்னுடையது வேறு அளவாக இருந்தால் பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதைப் பின்பற்று. மரையில் கிரீஸோ வேறு பூச்சோ தடவாதே. தடவினால் வழுக்கலில் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

மூன்று பிளக்குக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் பிடிக்கும். முடித்தவுடன் முட்டை அட்டையோடு அந்தப் பழைய மூன்றையும் செல்போனில் படமெடுத்து எனக்கு அனுப்பு. பொங்கலுக்கு நீங்கள் இங்கே வரும்போது அட்டையையும் டிக்கியில் போட்டுக்கொண்டு வா. திண்ணையில் உட்கார்ந்து இருவரும் பார்க்கலாம்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். பேத்திக்கு ஆசிகள்.

என்றும் உன்,
பழைய வகுப்புத் தோழன்.