ஞானத்துக்கு மதிப்பெண்

வலங்கைமான் பக்கம்,
ஐப்பசி

அன்புள்ள தத்துவம்,

பேரன் பேத்தி எடுத்த பிறகும் விடுதியில் வைத்த பட்டப்பெயரை விடமாட்டாயா என்று முகத்தைச் சுளிக்காதே. நீயும்தான் உறையின் மேல் ‘சரித்திரம்’ என்று எழுதி அனுப்பியிருக்கிறாய். தபால்காரர் அதை உரக்கப் படித்துவிட்டு, “யாருக்கம்மா இது?” என்று வாசலில் நின்று கேட்டார்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். குறுவை அறுத்தாகிவிட்டது. நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வந்தால்தான் எடைக்குப் போகும்; வானமோ காலையில் காய்கிறது, மாலையில் கொட்டுகிறது. தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமாகத் தம்பி அங்கேயே பழியாகக் கிடக்கிறான். சம்பா நடவு முடிந்துவிட்டது. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் முழங்கால் என்ன ஆயிற்று? அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாடி ஏற முடிகிறதா? அதைப் பற்றி ஒரு வரியில்லை, ஞானத்தைப் பற்றி நான்கு பக்கம்! உன்னைத் திருத்த முடியாது.

கோயம்புத்தூரில் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் ‘வயதும் ஞானமும்’ என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஞானத்தைப் பற்றிய உளவியல் ஆய்வுக் கட்டுரைகளை ஒரு கட்டாக அனுப்பி, படித்து அபிப்பிராயம் சொல் என்று கேட்டிருக்கிறாய். எல்லாவற்றையும் படித்தேன். மழை நாளில் வேறென்ன வேலை?

எனக்கு முதலில் பிடித்துப்போனவர் விவியன் கிளேட்டன். 1970களில் ஒரு மாணவி, முதுமை என்றாலே தேய்மானம் என்று எல்லோரும் ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், வயதோடு வளரக்கூடியது ஏதாவது உண்டா என்று கேட்டாள் பார். அதுவரை ஞானம் தத்துவக்காரர்கள் வீட்டுச் சொத்து, இல்லையென்றால் மடங்களின் சொத்து. உளவியல்காரர்கள் அந்தப் பக்கம் அதிகம் திரும்பவில்லை.

பிறகு பெர்லினில் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பால் பால்டஸ் குழு வருகிறது. ஒரு சிக்கலைச் சொல்லி, மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுப் பேசச் செய்து, பதிவு செய்து, ஐந்து அளவுகோல்களை வைத்து ஏழுக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். வாழ்க்கையைப் பற்றிய அறிவு, அதை நடத்தும் வழி தெரிந்திருப்பது, எதையும் அதனதன் காலத்திலும் சூழலிலும் வைத்துப் பார்ப்பது, பிறர் மதிப்பீடுகள் வேறாக இருக்கலாம் என்று ஏற்பது, நாளை என்னவாகும் என்பது யாருக்கும் முழுதாகத் தெரியாது என்று உணர்ந்திருப்பது. முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான். ஞானத்துக்கும் விடைத்தாள் உண்டு என்று கேட்டதும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ‘பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி உடனே திருமணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறாள். எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?’

‘கூடவே கூடாது, பதினைந்தில் திருமணமா, பைத்தியக்காரத்தனம்’ என்று சொல்பவருக்கு அங்கே குறைந்த மதிப்பெண். ‘பொதுவாகக் கூடாதுதான், ஆனால் அவளுக்குத் தீராத நோய் இருக்கலாம், பெற்றோரை இழந்தவளாக இருக்கலாம், வேறு நாட்டவளாக, வேறு காலத்தவளாக இருக்கலாம்’ என்று விரித்துப் பேசுபவருக்கு உயர்ந்த மதிப்பெண்.

இந்தக் கேள்வியை எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் கற்பனையாகக் கேட்டதில்லை. அது தலைமையாசிரியை அறைக்கு வந்து அழுதுகொண்டு நின்றது. பத்தாம் வகுப்புப் பெண். மாமன் மகனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன், மாற்றுச் சான்றிதழ் கொடுங்கள் என்றாள். அம்மையார் முதலில் சொன்னது பெர்லினில் தேறாத பதில்தான்: “முடியாது. பதினெட்டு நிரம்பாமல் கல்யாணம் என்றால் நானே போலீசுக்குச் சொல்வேன்.” சொல்லிவிட்டு மதிய உணவு மணி அடிக்கும் வரை அவளை எதிரிலேயே உட்காரவைத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் தன் டிபன் பாக்ஸைத் திறந்து பாதித் தயிர்சாதத்தை மூடியில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார். பாதி சாப்பிட்ட பிறகுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில், வீட்டில் பாட்டி மட்டும். குடித்துவிட்டு வரும் அப்பாவுக்குக் கதவைத் திறக்க ராத்திரி பன்னிரண்டு மணிவரை விழித்திருக்க வேண்டும். கல்யாணம் என்று ஒன்று ஆனால் அந்தக் கதவைத் திறக்க வேண்டாம். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த கணக்கு. அந்த வாரமே அரசு மாணவியர் விடுதியில் இடம் வாங்கினோம். பிளஸ் டூ முடித்தாள்.

இப்போது சொல், அம்மையாருக்கு ஏழுக்கு எத்தனை போடுவாய்? பல கோணத்தில் பார்ப்பது பெரிய விஷயம்தான். ஆனால் எதிரில் நிற்கிற ஒருத்திக்கு முதலில் வேண்டியது உறுதியான ஒரு ‘முடியாது’. காரணத்தைத் தேடுவது அதற்குப் பின்னால் வரட்டும். பெர்லின்காரர்கள் அளந்தது ஞானமாகப் பேசும் திறனை என்றுதான் எனக்குப் படுகிறது. மோனிகா ஆர்டெல்ட் 2003-ல் போட்ட அளவுகோலில் அறிவு, தன்னைத் திரும்பிப் பார்ப்பது இவற்றோடு இரக்கத்தையும் மூன்றாவதாகச் சேர்த்திருக்கிறாரே, அந்த அம்மாளுக்கு ஒரு கும்பிடு. ‘அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை’ என்பதை அறிவுடைமையில் வைக்காமல் இன்னா செய்யாமையில் கொண்டுபோய் வைத்தாரே வள்ளுவர், அதைப் பற்றி நீ ஒரு மணி நேரம் பேசலாம்.

திலீப் ஜெஸ்டே என்ற மனநல மருத்துவர் 2008-ல் பகவத் கீதையை எடுத்து, அதில் ஞானி என்று காட்டப்படுபவரின் குணங்களைப் பொறுக்கி இன்றைய உளவியலோடு ஒப்பிட்டிருக்கிறார் அல்லவா? பெரும்பாலும் ஒத்துப்போகிறது; ஆசையை அடக்குவதற்கு மட்டும் கீதை கொடுக்கும் இடத்தை மேலை ஆய்வுகள் கொடுக்கவில்லை. யாராவது இதையே குறளை வைத்துச் செய்தால் தேவலை. ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ என்பது அரசனுக்கு, ‘எப்பொருள் எத்தன்மைத் தாயினும்’ என்பது துறவிக்கு. இரண்டுக்கும் பின்பாதி ஒன்றே. ஆள்கிறவன் சொல்பவரின் முகத்தைப் பார்த்து ஏமாறுகிறான், துறந்தவன் பொருளின் தோற்றத்தைப் பார்த்து. இருவருக்கும் வேண்டிய அறிவு ஒன்றுதான். மதமும் தத்துவமும் உளவியலும் சந்திக்கிற இடம் வேண்டுமென்றால் அங்கே நின்று தொடங்கு.

வயது விஷயத்துக்கு வருகிறேன். உன் சபையில் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். ‘வயது ஏற ஏற ஞானம்’ என்றால் கை தட்டுவார்கள். உன் கட்டுரைகள் அப்படிச் சொல்லவில்லை. இளைஞர்கள் கணிதத்தில் தேறலாம், விவேகத்தில் தேற முடியாது, அதற்கு அனுபவம் வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். பெர்லின் மதிப்பெண்களும் பதின்வயதில் ஏறுகின்றன. ஆனால் இருபத்தைந்து வாக்கில் நின்றுவிடுகின்றன. அதன் பிறகு எழுபத்தைந்து வரை வயதுக்கும் மதிப்பெண்ணுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. திருக்கடையூரில் தினமும் எத்தனை அறுபதாம் கல்யாணம், எழுபது, எண்பது! அத்தனை பேரும் கலசநீரில் நனைந்து ஞானியாகிவிட்டால் நாட்டில் வழக்கு ஏது?

நம் கோயில்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டன. சுவாமிமலையில் தமிழ் வருடங்கள் அறுபதும் படிகளாகிக் கிடக்கின்றன. ஏறிப் போனால் மேலே அப்பனுக்குப் பாடம் சொன்ன பிள்ளை. ஆலங்குடியில் வியாழக்கிழமைக் கூட்டம் குருப்பெயர்ச்சிப் பலனைத்தான் கேட்கிறது. தட்சிணாமூர்த்தியைச் சரியாகப் பார்ப்பவர் குறைவு. ஆலமரத்தடியில் குரு இளைஞர், காலடியில் சீடர்கள் கிழவர்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் முதுமையின் வேலை என்று செதுக்கியவன் நினைத்தானோ என்னவோ.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் குடைந்தது அந்தச் ‘சாலமோன் முரண்’. கனடாவின் இகோர் கிராஸ்மனும் அமெரிக்காவின் ஈத்தன் கிராஸும் 2014-ல் எழுதியது. துணை துரோகம் செய்துவிட்டதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னால், நண்பனின் துணை என்றால் நிதானமாக யோசிக்கிறார்கள், தன் துணை என்றால் புத்தி மட்டுப்படுகிறது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களும் இதற்கு விலக்கில்லை. இரண்டு தாய்களின் வழக்கைத் தீர்த்த சாலமோன் தன் வீட்டு விவகாரத்தில் கோட்டை விட்டதாக விவிலியமே சொல்வதால் அந்தப் பெயர்.

என் பெரியப்பாவை உனக்கு நினைவிருக்கும். தண்ணீர் முறை வைக்கும் காலத்தில் கடைமடைக்காரனும் தலைமடைக்காரனும் மண்வெட்டியோடு நின்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உட்கார்ந்து பேசவே மாட்டார். வரப்பில் நடந்துகொண்டே, “உன் குறையை அப்புறம் சொல். அவனுக்கு என்ன குறை என்று நீ சொல், கேட்போம்” என்பார். எதிராளியின் வழக்கைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அவன் ‘ஆமாம், அதுதான்’ என்று தலையாட்டும் வரை விடமாட்டார். பாதித் தகராறு அந்த வரப்பு முடிவதற்குள் தீர்ந்துவிடும். அதே மனிதர், வேலியோரத் தென்னை ஒன்று யாருடையது என்பதில் சொந்தத் தம்பியோடு பேச்சை நிறுத்தியவர், சாகும்வரை பேசவில்லை. அவரை ஒருவரும் வரப்பில் நடத்திக் கூட்டிக்கொண்டு போகவில்லை. யாருக்குத் துணிச்சல் வரும்?

இதற்கு அந்த ஆய்வாளர்கள் சொல்லும் மருந்து, தன்னை இன்னொருவராகத் தள்ளி நிறுத்திப் பார்ப்பது. ‘நான் என்ன செய்வேன்’ என்று கேட்காமல், பெயரைச் சொல்லி ‘அவள் என்ன செய்ய வேண்டும்’ என்று கேட்டுக்கொண்டால், பிறருக்குச் சொல்லும் நிதானம் தன் விஷயத்திலும் வந்துவிடுகிறதாம். படித்ததும் எனக்கு அப்பரின் திருவாரூர்ப் பதிகம்தான் ஞாபகம் வந்தது. ‘நிலைபெறுமா றெண்ணுதியேல் நெஞ்சேநீ வா’ என்று அப்பர் தன் நெஞ்சைத் தனியே நிறுத்திக் கூப்பிடுகிறார் பார்! கூப்பிட்டு, பெரிய உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. விடிவதற்கு முன் கோயிலைக் கூட்டு, மெழுகு, பூக்கட்டு, பாடு என்று வேலை கொடுக்கிறார். நெஞ்சோடு பேசுவது நம் கவிஞர்களுக்குப் பழைய வழக்கம். அதற்கு உளவியலில் ஒரு பலன் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. பக்திக்காரர்கள் இதைப் படித்துவிட்டு ‘அப்போதே சொன்னோம்’ என்று மார்தட்டக் கூடாது. அப்பர் தேடியது வேறு, இவர்கள் அளந்தது வேறு. ஆனாலும் கதவு ஒன்று.

நீ அடிக்கோடிடாமல் விட்ட கட்டுரை ஒன்று உண்டு, அதுதான் எனக்குக் கட்டின் உச்சம். ஸ்டவுடிங்கரும் பால்டஸும் 1996-ல் செய்தது. கேள்வியைக் கொடுத்துத் தனியாக யோசிக்கச் சொன்னவர்களுக்கு மதிப்பெண் கூடவில்லை. தனக்கு வேண்டிய ஒருவரோடு பேசிவிட்டு, பிறகு சற்று நேரம் தனியே யோசித்தவர்களுக்கு நன்றாகக் கூடியது. வேடிக்கை என்னவென்றால், ‘உனக்கு மதிப்பானவர் இதற்கு என்ன சொல்வார்’ என்று மனத்துக்குள்ளேயே பேசிப் பார்த்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு கூடியது. நாம் ஞானி என்று ஒரு தனி ஆளைத் தேடுகிறோம். அது இரண்டு பேருக்கு நடுவில் உண்டாகிறது என்பதுதான் என் கட்சி. நீ மறுத்து எழுது.

நாம் படித்த கும்பகோணத்திலேயே சாட்சி இருக்கிறது. 1880-ல் உ.வே.சாமிநாதையர் அங்கே கல்லூரித் தமிழாசிரியர், வயது இருபத்தைந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் என்னென்ன படித்தீர்கள் என்று கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அந்த ஒரு கேள்வியில் இருபத்தைந்து வருடப் பெருமை ஆட்டம் கண்டுவிடுகிறது. ஆனால் பெரிய விஷயம் அதற்குப் பின்னால்தான். சைவச் சூழலில் வளர்ந்தவர், சமண நூல் விளங்க வேண்டும் என்பதற்காக ஊரில் இருந்த சமணர் வீடுகளுக்கே போய்ச் சந்தேகம் கேட்டார். 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. தனக்குத் தெரியாது என்று சொல்வதோடு சாக்ரடீசைக் கொண்டாடி நிறுத்திவிடுவாய் நீ. தெரிந்தவர் வீட்டு வாசல்படி ஏறியதையும் சேர்த்துக்கொள்.

ஆகையால் உன் கூட்டத்துக்கு என் யோசனை இது. ஒரு மணி நேரம் நீயே பேசாதே. தூங்கிவிடுவார்கள், நீயும் பேசியே தீர்ப்பாய். ஒரு சிக்கலைக் கொடு. பதினைந்து வயதுப் பெண் வேண்டாம், அதற்குச் சட்டம் இருக்கிறது. சொத்தை உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாமா என்று கேள். அத்தனை பேருக்கும் வயிற்றில் புளி கரையும். பக்கத்து நாற்காலிக்காரரின் வீட்டு விஷயமாக வைத்து முதலில் பேசச் சொல். பிறகு கால் மணி நேரம் மௌனம். அதற்கப்புறம் தன் வீட்டுக் கணக்கைக் கேள். என்ன மாறியது என்று குறித்து எனக்கு எழுத வேண்டும்.

கும்பகோணம் வெற்றிலை கேட்டிருந்தாய். அடுத்த வாரம் தம்பி மகள் தேர்வுக்காகக் கோயம்புத்தூர் வருகிறாள், இரண்டு கவுளி கொடுத்தனுப்புகிறேன். ஈரத்துணியில் சுற்றி வை, பிரிட்ஜில் வைக்காதே. அவளுக்கு உன் வீட்டு வழி தெரியாது, காந்திபுரத்துக்கு யாரையாவது அனுப்பு. முழங்காலைப் பற்றி மறக்காமல் எழுது.

உன்,
சரித்திரம்