டாக்காவில் ஈத் மலரும் பிப்ரவரிச் சந்தையும்

டாக்கா

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாம் சௌகரியம். நீ கேட்ட பத்திரிகை விவரம் எழுதுகிறேன்.

நம் தீபாவளி மலர் மாதிரி இங்கே நாளிதழ்களும் வார இதழ்களும் ரம்ஜானை ஒட்டி ஈத் மலர் போடுகின்றன. நம் மலர் பெரும்பாலும் சிறுகதையோடு நின்றுவிடும். இங்கே ஒரே மலரில் பல நாவல்கள். இங்கே பெரும் பெயர் பெற்ற நாவலாசிரியர் ஹுமாயூன் அஹ்மதின் நாவல்கள் பலவும் முதலில் இப்படி வந்தவைதான். ஆனால் 'முழு நாவல்' என்று போட்டிருப்பதை நம்பிவிடாதே. பக்கத்துக்காகச் சுருக்கியிருப்பார்கள். விரித்து எழுதியது பிப்ரவரி புத்தகச் சந்தைக்குப் புத்தகமாக வரும், அதை வாங்கு.

ஈத் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்கிறதல்லவா, 2025இல் மார்ச் 31க்கே வந்துவிட்டது. மலர் வேலையும் சந்தை வேலையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஃபகிராபூல், ஆராம்பாக் அச்சகங்களில் சிறுபத்திரிகைக்காரன் கடைசி ஆள்.

அவனுக்கோ பிப்ரவரியை விட்டால் கதியில்லை. 1952 பிப்ரவரி 21இல் வங்க மொழிக்காக உயிர்விட்ட போராட்டத்தை ஒட்டிக் கவிஞர் ஹசன் ஹஃபிசுர் ரஹ்மான் 1953இல் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார், அன்றைய பாகிஸ்தான் அரசு தடைசெய்தது. பிப்ரவரி 21க்கு இதழ் போடும் வழக்கம் இன்றும் விடவில்லை.

கணக்கு நம்மூர்க் கணக்குதான். 16 பக்கம் ஒரு பாரம். 23க்கு 36 அங்குலத் தாள் ஒன்றில் இரண்டு பாரம். 80 பக்கம், 500 பிரதி என்றால் 1,250 தாள், அதாவது ரீமுக்கு 500 தாள் வீதம் இரண்டரை ரீம். கழிவுக்குக் கொஞ்சம் கூடப் போடவேண்டும். அட்டை தனி. மேட்டர் 82 பக்கத்துக்கு வழிந்தால் ஆறாவது பாரத்தில் 14 பக்கம் காலி. அந்த இடத்துக்கு விளம்பரம் பிடி, இல்லையென்றால் ஒரு கவிதையை வெட்டு. வெட்டுவதே நல்லது என்பேன்.

சந்தையின் கடைசி வாரத்தில் வரும் இதழைப் பிரித்துப் பார்த்து வாங்கு. மை காயுமுன் மடித்திருந்தால் எதிர்ப்பக்கத்தில் நிழல் விழுந்திருக்கும். பசை காயாமல் வெட்டியிருந்தால் தாள் கையோடு வரும்.

சந்தையில் சிறுபத்திரிகைகள் முன்பு, அதை நடத்தும் வங்காள அகாதெமியின் வளாகத்துத் தான்றி மரத்தடியில் உட்கார்ந்தன. இப்போது எதிரே சுஹ்ரவர்தி பூங்காவில். வார நாளில் வழக்கமாகப் பிற்பகல் 3 மணிக்குத் திறப்பார்கள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எதையும் புரட்ட முடியாது. மற்ற மாதங்களில் வந்தால் ஷாபாக் அஜீஸ் மார்க்கெட்டைத் தேடிப் போகாதே, பாதிக்கு மேல் துணிக்கடையாகிவிட்டது. காட்டாபன் கன்கார்ட் எம்போரியத்தின் கீழ்த்தளத்துக்குப் போ.

உன் அடுத்த இதழ் எத்தனை பாரம் என்று எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
தம்பி