நியூட்ரினோ சிதைந்து மாறுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், மின்னூட்டமற்ற நுண்துகளான நியூட்ரினோவில் ஒரு வகை 'சிதைந்து' இன்னொரு வகையாகிறது என்று படித்தேன். சுருக்கிச் சொல்லப்போய் இயற்பியலையே மாற்றிவிட்டீர்கள். சிதைந்த துகள் திரும்பி வராது. நியூட்ரினோவோ வழியில் வகை மாறி, இன்னும் சற்றுத் தூரம் போனதும் பழைய வகையாகவே பிடிபடக்கூடியது. எலெக்ட்ரான், மியூவான், டாவ் என்று நாம் பிரிக்கும் ஒவ்வொரு வகையும் வெவ்வேறு நிறை கொண்ட மூன்று நிலைகளின் கலவை. அவற்றின் அலைகள் ஒன்றையொன்று முந்தியும் பிந்தியும் ஓடுவதால் வருவதே இந்த அலைவு.

சிதைவு என்பது அசட்டு யோசனை அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். சூரியனிலிருந்து எதிர்பார்த்த நியூட்ரினோக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கத்திலிருந்த கருவியில் சிக்கியபோது, மீதி வழியிலேயே சிதைந்திருக்குமோ என்று 1972இல் பாக்கால், கபிபோ, யாஹில் என்ற இயற்பியலாளர் மூவரும் கேட்டார்கள். கனடாவின் சட்பரி ஆய்வகம் 2002இல் மூன்று வகைகளையும் சேர்த்து எண்ணியபோது கணக்கு நேரானது. எதுவும் தொலைந்திருக்கவில்லை, வகைதான் மாறியிருந்தது.

விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் வளிமண்டல நியூட்ரினோக்களில்தான் இழுபறி. 1998இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே உணர்கருவி, பூமியைத் துளைத்து வரும் மியூவான் நியூட்ரினோக்கள் குறைவதைக் காட்டியது. குறைவை மட்டும் வைத்து அலைவா, சிதைவா என்று தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. 2004இல், கடந்த தூரத்தை ஆற்றலால் வகுத்து, அதற்கேற்ப எத்தனை பங்கு வந்து சேர்ந்தது என்று வரைந்து பார்த்தார்கள். கோடு ஓரிடத்தில் பள்ளமாக இறங்கி, பிறகு ஏறியது. வெறும் சிதைவென்றால் இறங்கிய கோடு ஏறவே ஏறாது. அந்தச் சிறிய ஏற்றத்தைத்தான் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது.

மூன்று நிலைகளில் ஒன்று அலைவுக்கிடையே மெல்லச் சிதையவும் செய்தால்? அலைவு நின்றுவிடாது, அதன் வீச்சு தேயும். சிதைவில் பிறப்பவை கருவியின் கண்ணுக்குத் தப்பினால் மொத்த எண்ணிக்கையும் குறையும். ஆற்றல் குறைந்தவற்றில் தேய்வு அதிகம். ஆற்றல் மிகுந்தவற்றுக்குச் சார்பியல் விதிப்படி ஆயுள் நீளும். 1987இல் தெரிந்த சூப்பர்நோவா என்னும் விண்மீன் வெடிப்பிலிருந்து ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டு கடந்தவை, சூப்பர் காமியோகாண்டேக்கு முந்தைய கருவியான காமியோகாண்டேயில் பதிவானதால், ஒரு நிலையாவது நெடுநாள் வாழ்கிறது என்பது உறுதி. மூன்றாவது நிலையின் ஆயுளுக்குத்தான் வரம்பு இன்னும் தளர்வாக இருக்கிறது. அணு உலைகளிலிருந்து சுமார் 53 கிலோமீட்டர் தள்ளி, 2025இல் தரவு சேகரிக்கத் தொடங்கிய சீனாவின் ஜூனோ நியூட்ரினோ ஆய்வகம், அந்த நிலையால் எழும் நுண்ணிய ஏற்ற இறக்கங்களைத் தேடுகிறது. அவை மங்கித் தெரிந்தால் சிதைவுக்கும் அதில் பங்கு உண்டா என்று விசாரிக்க வேண்டிவரும்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், 2004ஆம் ஆண்டு வரைபடத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்